இப்பொழுது என்ன வாசிக்கின்றீர்கள்?

நெடுநாட்களுக்குப் பின் சந்திக்கும் உறவினர் ஒருவரையொருவர் வினவிக்கொள்ளும் வினாக்களை யாவரும் அறிவர். சுகமா, மழை பெய்ததா, தேங்காய் என்ன விலை, பிள்ளைகள் எந்த வகுப்பு என்ற வரிசையில் அவை வரும். "இப்பொழுது என்ன வாசிக்கின்றீர்கள்?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அவரைச் சற்று விநோதமாகவே பார்ப்பர். அருகில் நிற்கும் மகனைக் காட்டி, "இவர் ஏ. எல். படிக்கிறார்" என்று விடை வரினும் வியப்பில்லை. எம்மவர் பேச்சிலே படிப்பு வேறு, வாசிப்பு வேறு. படிப்பு பரீட்சைக்கு உரியது. வாசிப்பு ஓய்வு நேரத்துக்கு உரியது. பாடசாலை விட்டு வந்த பிள்ளை தேநீர் அருந்தியதும் ரியூசனுக்குப் புறப்படுகின்ற இந்நாளில் அந்த ஓய்வு எங்கே கிடைக்கப்போகின்றது?

"நல்ல நூல்களை வாசியுங்கள்" என்னும் அறிவுரைக்கு மட்டும் குறைவில்லை. பரிசளிப்பு விழாத் தோறும் அதனைக் கேட்கின்றோம். எந்த நூல் என்று பெயர் குறித்துச் சொல்வார் சிலர். அந்நூலைக் கொண்டுவந்து கையிற் கொடுப்பார் மிகச் சிலர். இவ்விரு திறத்தாருக்கும் இடையே உள்ள தூரம் எத்துணைப் பெரிதென்பதை, நாம் இப்பொழுது இரண்டாம் முறையாக வாசித்துக்கொண்டிருக்கும் நூலொன்றிலே காண்கின்றோம். அது மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களின் 'என் சரித்திரம்'.

1880ஆம் ஆண்டிலே ஐயரவர்களுக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் கற்றுத் தேர்ந்து, கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக அவர் அமர்ந்திருந்த காலம் அது. அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணுமாறு திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சொல்லியதனாலே சென்றார். முதலியார் கேட்டது ஒரே கேள்விதான்: என்னென்ன நூல்கள் கற்றிருக்கின்றீர்? ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கினார், கம்பராமாயணத்தையும் சொன்னார். கேட்டவர் முகத்திலே மகிழ்ச்சி தோன்றவில்லை. இவற்றைக் கற்று என்ன பயன் என்று கூறிவிட்டு, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைக் கண்டதுண்டோ என வினவினார். ஐயர் கண்டதில்லை. அவர்தம் ஆசிரியரிடமும் அவற்றைப் பாடங்கேட்டதில்லை.

முதலியார் அவ்வளவோடு நின்றிருப்பாராயின், தாம் அறிந்ததைக் காட்டி மற்றவர் அறியாததைக் குத்திக்காட்டும் மனிதர் பலருள் ஒருவராகவே மறைந்திருப்பார். அவர் நிற்கவில்லை. தம்மிடமிருந்த சிந்தாமணிக் கைப்பிரதியை ஐயரிடம் கொடுத்தார். இருவரும் கூடியிருந்து அதனை வாசித்தும் வந்தனர். பல இடங்கள் விளங்கவில்லை. சைன சமயக் கருத்துக்களும் கதைகளும் புதியனவாக இருந்தன. ஐயர் கும்பகோணத்துச் சைனர் இல்லங்களைத் தேடிச் சென்றார். அங்கே அந்நூல் வழிபாட்டுக்குரிய பொருளாக ஓதப்பட்டு வருவதைக் கண்டு, ஐயங்களை அவர்களிடமே கேட்டுத் தெளிந்தார். நச்சினார்க்கினியர் உரையிலே எடுத்தாளப்பட்ட மேற்கோள்கள் எந்த நூல்களுக்கு உரியன என்று தேடப் புகுந்தவருக்கு, அதுவரை கண்டிராத ஒரு தமிழுலகமே திறந்தது. 1887இல் சீவகசிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. ஒரு முன்சீப்பு ஒரு தமிழாசிரியரிடம் கேட்ட ஒரு கேள்விக்கு இத்துணை நீண்ட விடை!

ஈழத்து வாசகருக்கு இந்நூலில் இன்னுமோர் உரிமையுண்டு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் அந்நாளிலே கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தார். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி ஐயரைக் கேட்டதும், ஐயர் இணங்காததும் இதில் வருகின்றன. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகின்றது. பிள்ளையவர்கள் அதே 1887இல் கலித்தொகையை வெளியிட்டார். ஐயர் கூறுவதைப் படித்தபின் பிள்ளையவர்களின் பதிப்புரைகளையும் தேடிப் படித்தல் வேண்டும். செல்லரித்த ஏட்டைக் கையிலேந்தியவரின் துயரத்தை அவ்வுரைகளைப் போல உணர்த்துவன வேறு சிலவே.

'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனிலே தொடராக வெளிவந்தது. 1942இல் ஐயர் மறைந்தமையால் முற்றுப்பெறாமலே நின்று, 1950இல் நூலாயிற்று. பருமனைக் கண்டு மாணவர் அஞ்சவேண்டியதில்லை. தொடராக எழுதப்பட்டதாகலின் அத்தியாயங்கள் சிறியன, நடையும் எளியது. இரவு உணவுக்குப் பின் வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க ஏனையோர் கேட்கத் தக்கது. முன்னோர் வரலாறு கூறும் தொடக்கப் பகுதி சிறுவருக்குச் சலிப்பைத் தருமாயின், மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் ஐயர் மாணவராகச் சேரும் இடத்திலிருந்து தொடங்கலாம். இலக்கணப் புலவர் எவரும் இதற்காக எம்மைக் கோபிக்கமாட்டார் என நம்புகின்றோம்.

ஆங்கிலம் பயிலும் மேல்வகுப்பு மாணவருக்கு நாம் கொடுக்க விரும்புவது வேறொன்று. 1660இல் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவிலே கண்டி அரசன் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞன் எழுதிய இலங்கை வரலாறு அது. பிடிபட்டபோது அவனுக்கு வயது பத்தொன்பது. உடன் பிடிபட்ட தந்தையார் அடுத்த ஆண்டே காய்ச்சலினால் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டிலே சிறையிருந்தான்.

அவனிடம் இருந்தவை இரண்டே நூல்கள்; இரண்டும் சமய நூல்கள். திரும்பத் திரும்ப வாசித்ததில் அவை ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன. ஒருநாள், கிழவர் ஒருவர் தம்மிடம் ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருப்பதாக அவனுடைய பணியாளனிடம் கூறினார். கொண்டுவந்து பார்த்தபோது அது வேதாகமம். நொக்ஸ் தன்னிடமிருந்த ஒரே பொற்காசையும் கொடுக்கத் துணிந்தான். பணியாளனோ கெட்டிக்காரன், அவன் தடுத்து, பின்னற் தொப்பி ஒன்றுக்கே பேரத்தை முடித்துவிட்டான். தொப்பி பின்னி விற்றே நொக்ஸ் சீவித்த காலம் அது. இன்று நூல் விலையைக் கண்டு மலைக்கின்ற பெற்றோர், அந்தப் பொற்காசைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

நான்கு பாகங்கள் கொண்ட அந்நூலை நான்காம் பாகத்திலிருந்தே வாசிக்கத் தொடங்குக. சிறைவாழ்வும் தப்பியோட்டமும் அங்கேதான் உள்ளன. சில்லறைப் பொருள் விற்பவரைப் போல வேடம் பூண்டு, தோழன் ஒருவனோடு வடக்கு நோக்கி நடந்து, அநுராதபுரத்தைக் கடந்து, ஆற்றங்கரைக் காட்டுவழியாக 1679இல் மன்னாரை அடுத்த அரிப்பிலே ஒல்லாந்தர் கோட்டையை அடைகின்றான். அந்த ஆற்றையே மேலே மல்வத்து ஓயா என்றும் கீழே அருவியாறு என்றும் அழைக்கின்றோம். நூல் 1681இல் இலண்டனில் அச்சாயிற்று. நாட்டு மக்களைப் பற்றி நொக்ஸ் கூறும் எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிடலாகாது. கைதியின் கண்கொண்டு பார்த்தவன் அவன். எனினும் உழவையும் உணவையும் அவனளவு கூர்ந்து நோக்கியோர் அக்காலத்திற் குறைவு.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடோல் தூவ' போதும். வீட்டைவிட்டு ஓடித் தீவொன்றிலே பயிர் செய்யும் உபாலி, ஜின்னா என்னும் இரு பையன்களின் கதை. தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. பிள்ளை வீட்டைவிட்டு ஓடிவிடுமோ என்று அஞ்சும் தாய்மார் முதலில் தாமே வாசித்துப் பார்க்கட்டும். பிள்ளையிடம் கொடுக்கப் பின்னர் பிந்தமாட்டார்கள்.

இரவல் கொடுத்த நூல் திரும்புவதில்லை என்ற குறை எல்லா வீட்டிலும் உண்டு. அதற்காக அலுமாரியைப் பூட்டிவைப்போரை நாம் மெச்சுவதற்கில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச் சுவடிகளும் அவற்றோடு போயின. ஓரிடத்தில் மட்டும் இருந்தது அவ்விடத்தோடு போயிற்று. பல வீடுகளில் பரவிக் கிடந்தது பிழைத்தது. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் மின்னூலகம், ஈழத்தில் அச்சான பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் படமாக்கி எவரும் கட்டணமின்றி வாசிக்கத் தருகின்றது. அவ்வாறு படமாக்குவதற்கும் யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் ஒரு பிரதி தப்பியிருத்தல் வேண்டுமன்றோ?

ஆகவே இரவல் கொடுங்கள். ஆனால் கணக்கு வையுங்கள். பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் நூலின் பெயர், பெற்றவர் பெயர், திகதி ஆகிய மூன்றையும் குறித்தல் போதும். கொப்பியில் எழுதுவதைக் கண்டு மனம் நோகும் நண்பர், நூலைத் திருப்பித் தரும் எண்ணமில்லாதவராகவே பெரும்பாலும் இருப்பர்.

எமது பட்டியல் இவ்வளவே. இனி வாசகர் முறை. ஒருவர் ஒரு நூலை மட்டும் குறிப்பிட்டு எழுதுக. இப்பொழுது கையிலிருக்கும் நூலாக அது இருத்தல் வேண்டும். என்றோ படித்துப் பெயர் மட்டும் நினைவிலுள்ள நூல் வேண்டா. அதனை யாருக்குக் கொடுப்பீர்கள், தம்பிக்கா, பாட்டிக்கா, பக்கத்து வீட்டு ஆசிரியருக்கா, எந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்வீர்கள் என்பனவற்றையும் சேர்த்து எழுதுக. அது இரவல் வாங்கிய நூலாயின், கடிதத்தைத் தபாலிற் சேர்க்கப் போகும் வழியிலேயே உரியவரிடம் ஒப்படைத்துவிடலாம்.