பெட்டிக்குள் இருக்கும் பிரஜாவுரிமை

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா என்று நீளும் மலைப்பாதையின் இரு புறமும் தேயிலைத் தோட்டங்கள். அங்குள்ள லயங்களில் வயது முதிர்ந்தவர்கள் இருக்கும் வீட்டுக்குப் போனால், கட்டிலுக்கு அடியில் பெரும்பாலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். உள்ளே நகையோ பணமோ இராது. உறையில் சுற்றி, நூலால் கட்டி வைத்த பழைய காகிதங்கள் இருக்கும். வீடு தீப்பிடித்தாலும் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவது அந்தப் பெட்டியைத்தான். ஏன் இவ்வளவு அச்சம்?

நம் குடும்பங்களிலிருந்து வெளிநாடு போன பிள்ளைகளை நாம் அறிவோம். அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டின் குடியுரிமையையும் பெற்று, 21 வயது நிறைந்த மகனோ மகளோ தன் உம்மா வாப்பாவுக்காக விண்ணப்பம் போட்டு, அவர்களுக்கு நிரந்தர வதிவுரிமை பெற்றுக் கொடுக்கலாம். பிள்ளையின் பத்திரம் பெற்றோரைக் கைதூக்கி விடுகிறது. மலையகத்தில் நடந்ததோ இதற்கு நேர்மாறானது. அங்கே தகப்பனின் பத்திரம் பிள்ளையைத் தள்ளியது. பிள்ளையின் பத்திரத்துக்கோ பெற்றோரை இழுத்துக்கொள்ளும் சக்தி இருக்கவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறந்த மண்ணைப் பார்க்கவில்லை, பரம்பரையைப் பார்த்தது. இலங்கையில் பிறந்தவராக இருந்தாலும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்பைப் பதியும் பழக்கமே சரியாக வேரூன்றாத காலத்தில் கொழுந்து பறிக்க வந்தவர்கள் பாட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று.

1949இல் இன்னொரு சட்டம் வந்தது. அதன் பெயரே நாம் கவனிக்க வேண்டியது: இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். தோட்டத் தொழிலாளியோடு, தமிழகக் கரையிலிருந்து வந்து மலைநாட்டு நகரங்களில் கடை வைத்த நம்மவர்களும் இதே சட்டத்தின் கீழ்தான் கையேந்தி நிற்க வேண்டியிருந்தது. குடிசன மதிப்பீட்டில் 'இந்தியச் சோனகர்' என்று தனியாகக் கணக்கிடப்பட்டவர்கள் இவர்களே. உரிமைப் போராட்டத்தை முன்னின்று நடத்திய இலங்கை இந்தியன் காங்கிரசின் தலைமையிலும் அப்துல் அஸீஸ் என்ற முஸ்லிம் இருந்தார் என்பதை நம் இளைய தலைமுறை அறிந்துகொள்வது நல்லது.

இந்தச் சட்டப்படி 1946 ஜனவரி 1க்கு முன்னர், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாமல் இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்ததோ சுமார் 134,000 பேருக்குத்தான்.

பிறகு 1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 மனிதர்களை இரண்டு அரசுகள் பங்கிட்டன. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு 7 பேர் என்றால் இலங்கையில் 4 பேர் என்பது விகிதம்.

கணக்கில் இது சரி. ஒரு லயத்துக்குள் வைத்துப் பாருங்கள். தகப்பன் இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருப்பார். மணமான மகள் புருஷனோடு சேர்ந்து இலங்கைக்கு எழுதியிருப்பாள். இருவரும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்ந்தவர்கள். ஒரு நாள் தகப்பனுக்குப் பத்திரம் வந்துவிடும். அவர் கோச்சியேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கும் அங்கிருந்து நீலகிரிக்கும் போவார். மகள் மலையிலேயே நிற்பாள். "என் தகப்பனை என்னோடு விட்டுவிடுங்கள்" என்று கேட்க அவளுக்குச் சட்டத்தில் இடமில்லை. இப்படிப் பிரிந்த குடும்பங்கள் இரு கரையிலும் ஏராளம். 1980களில் போர் மூண்டு கப்பல் நின்றபின் இந்தியக் கடவுச்சீட்டோடு தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்களும் பல்லாயிரம் பேர்.

தன்னை வணங்குவதற்கு அடுத்தபடியாகப் பெற்றோருக்கு நன்மை செய்வதை வைத்துப் பேசுகிறது நம் மார்க்கம். அந்தக் கடமையைச் செய்ய விரும்பிய பிள்ளைகளுக்கு ஒரு காகிதம் குறுக்கே நின்றது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் மாற்று மதத்தவர்தாம். ஆனால் நம் கடைக்கு வந்து அரிசி வாங்கியவர்கள், நம் அண்டை வீட்டார். அண்டை வீட்டாரின் துயரம் நமக்கும் உரியது.

1986லும் 1988லும் வந்த சட்டங்கள் இந்தியாவுக்கு விண்ணப்பிக்காதவர்களுக்கு வழி திறந்தன. முழுக் கதவும் திறந்தது 2003இல். அவ்வாண்டு அக்டோபரில் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றிய சட்டப்படி, 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியாரும் பிரஜைகளாகலாம். எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாதவர் சமாதான நீதவானின் மேலொப்பத்தோடு ஒரு பிரகடனம் செய்தால் போதும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவருக்கும் வழி வைக்கப்பட்டது. ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் துணையோடு நடந்த முகாம்களில் பத்தே நாட்களில் சுமார் 190,000 பேர் பிரஜைகளானார்கள். அதே ஆண்டில் இன்னொரு திருத்தமும் வந்தது. அதுவரை தகப்பன் பிரஜையாக இருந்தால்தான் பிள்ளை வம்சாவளிப் பிரஜை. அதன்பின் தாய் பிரஜையாக இருந்தாலும் போதும்.

உரிமை வந்துவிட்டது. ஆனால் அதைக் காட்டப் பத்திரம் வேண்டுமே! தேசிய அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கில்லை, கடவுச்சீட்டில்லை, பரீட்சை மண்டபத்தில் பிள்ளைக்கு நிம்மதியில்லை. ஆகவே சில யோசனைகள்.

பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிந்துவிடுங்கள். பெயரை ஒரே எழுத்தில் எழுதுங்கள். ஓரிடத்தில் முஹம்மது, இன்னோரிடத்தில் மொஹமட் என்றால் நாளை இருவராகிவிடுவார். நிக்காஹ் பதியப்படாவிட்டாலும் செல்லும் என்பது உண்மை. ஆனால் பதியாத நிக்காஹ், பிள்ளையின் பத்திரத்தில் தகப்பன் பெயரை எழுதும்போது சங்கடம் தரும். பிறப்புப் பதிவே கிடைக்காத முதியவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். பிள்ளைக்கு 15 வயதானதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஊரில் கிராம உத்தியோகத்தரும் தோட்டத்தில் துரையும் அத்தாட்சிப்படுத்துவார்கள். பெற்றோரின் பிரஜாவுரிமைச் சான்றிதழை எந்த அலுவலகத்திலும் விட்டுவராதீர்கள். பிரதியை மட்டும் கொடுங்கள். அது பேரப்பிள்ளைகளின் சொத்து.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி ஏவும் அல்பகரா அத்தியாயத்தின் நீண்ட வசனம், எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. படித்த சகோதர சகோதரிகளே! விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எழுத்தறியாத ஒரு முதியவரின் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். அவர் நம்மவரா, தோட்டத்தவரா என்று பார்க்க வேண்டாம். ஒரு மனிதரை அவருடைய பிள்ளைகளோடு சேர்த்து வைப்பதும் தர்மமே.

பிரிந்தவர்களை அல்லாஹ் ஒன்று சேர்ப்பானாக! ஆமீன்.