முதல் வீடும் அரசின் உதவியும்

நடுத்தரக் குடும்பங்களுள் பெரும்பாலானவை வாழ்நாளில் ஒருமுறைதான் வீடு வாங்குகின்றன. பல்லாண்டுச் சேமிப்பு முன்பணத்திலும் முத்திரைத் தீர்வையிலும் பதிவுக் கட்டணத்திலும் கரைந்துவிடுகிறது. எஞ்சிய விலை வங்கிக் கடனாகி, மாதத் தவணையாகப் பல ஆண்டுகள் தொடர்கிறது. இச்சுமையைக் குறைக்க இந்திய அரசு கையாண்ட வழிகளுள் வரிச்சலுகையும் வட்டி மானியமும் முதன்மையானவை. இரண்டும் ஒன்றே எனக் கருதுவோர் உளர். ஆயினும் யாருக்குப் பயன் கிட்டுகிறது என்பதில் அவை பெரிதும் வேறுபடுகின்றன.

1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, குடியிருக்கும் வீட்டின் கடனுக்குச் செலுத்தும் வட்டியில் ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமளித்தது. முதன்முறை வாங்குவோருக்கெனப் பின்னர் 80இஇஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 2019 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை கடன் ஒப்புதல் பெற்றோர், முத்திரைத் தீர்வை மதிப்பு 45 இலட்சத்திற்கு மேற்படாத வீடாயின், மேலும் 1.5 இலட்சம் வரை கழிக்கலாம் என்பது அதன் சாரம்.

இங்குக் கழிவது வருமானமேயன்றி வரி அன்று. அந்த 1.5 இலட்சம் முழுவதும் 30 விழுக்காட்டு வரி அடுக்கில் அமைந்தவருக்கு 45,000 ரூபாய் மிச்சமாகும். 20 விழுக்காட்டு அடுக்கினருக்கு 30,000 ரூபாய். வரிக்குரிய வருமானம் 5 இலட்சத்தைத் தாண்டாதவரோ, தள்ளுபடியின் காரணமாக முன்னரே வரி செலுத்தத் தேவையற்றவர். கழிப்பதற்கு வரியே இல்லாத அவருக்கு இச்சலுகையால் ஒரு ரூபாயும் பயனில்லை. தேவை மிகுந்தவரை விட்டுவிட்டு வசதி மிகுந்தவருக்கு மிகுதியாக வழங்குவது இம்முறையின் பெருங்குறை. புதிய வரிமுறையைத் தேர்வோர்க்குக் குடியிருக்கும் வீட்டிற்கான இக்கழிவுகளும் இல்லை.

வட்டி மானியம் வேறுவகையில் இயங்கியது. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் நகர்ப்புறப் பிரிவில், ஆண்டு வருமானம் 6 இலட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு முதல் 6 இலட்சம் ரூபாய்க் கடனுக்கு 6.5 விழுக்காடு வட்டி மானியம் அளிக்கப்பட்டது. பல ஆண்டுகளுக்கான மானியத்தின் இன்றைய மதிப்பு கணக்கிடப்பட்டு, அதிக அளவாக ஏறத்தாழ 2.67 இலட்சம் ரூபாய் கடன் கணக்கிலேயே முன்கூட்டி வரவு வைக்கப்பட்டது. 9 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்ற 6 இலட்சம் ரூபாய்க் கடனின் தவணை, இதனால் மாதம் சுமார் 5,400 ரூபாயிலிருந்து 3,000 ரூபாயாகக் குறையும். வரி செலுத்துபவரா என்னும் வினாவே இதில் எழவில்லை. எனினும், வங்கி கடன் தர இசைந்த பின்னரே மானியம் வரும் என்பதால், சம்பளச் சீட்டு இல்லாத தினக்கூலியர் பலருக்கு இவ்வழியும் எளிதன்று.

'முதல் வீடு' என்பதன் பொருளும் இரண்டிலும் ஒன்றன்று. வரிச்சட்டம் கடன் பெறுபவரின் பெயரில் வேறு வீடு உண்டா என்று மட்டுமே நோக்கியது. மானியத் திட்டமோ கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் ஆகியோருள் எவர் பெயரிலும் நாட்டின் எப்பகுதியிலும் கான்கிரீட் வீடு போன்ற நிலையான வீடு இருத்தலாகாது என்றது. குறைந்த வருமானக் குடும்பம் வாங்கும் வீடு, குடும்பத் தலைவியின் பெயரிலோ அவரையும் சேர்த்த கூட்டுரிமையிலோ இருக்கவேண்டும் என்ற விதி குறிப்பிடத்தக்கது. பத்திரத்தில் பெயரே இடம்பெறாதிருந்த பெண்கள் பலர் இவ்விதியால் வீட்டுரிமை பெற்றனர்.

2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் கட்டத்தில், 9 இலட்சம் வரை ஆண்டு வருமானம் உள்ளோர்க்கு முதல் 8 இலட்சம் கடனுக்கு 4 விழுக்காடு மானியம் உண்டு. அதிக அளவாக 1.80 இலட்சம் ரூபாய், முன்போல ஒரே முறையாக அன்றி, ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்கில் சேர்க்கப்படும்.