இணையவழி மனநல சுயமதிப்பீடு: மதிப்பெண்ணை வளரிளம் பருவத்தினர் எவ்வாறு புரிந்துகொள்வது?

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் புறநோயாளர் பிரிவுக்கு வரும் மாணவ மாணவியர் சிலர், கைப்பேசியில் ஒரு திரைப்பதிவைக் காட்டியே பேச்சைத் தொடங்குகின்றனர். "மதிப்பெண் 21, கடுமையான மனச்சோர்வு" என்று அதில் இருக்கும். உடன் வரும் பெற்றோரில் சிலர் அதைக் கண்டு கலங்கிப் போயிருப்பர். வேறு சிலர், "போனைப் பிடுங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பர். அந்த எண்ணை இறுதித் தீர்ப்பாகக் கொள்வதும் தவறு. விளையாட்டு என்று தள்ளுவதும் தவறு.

இந்த வினாத்தாள் எதற்காக உருவானது?

இணையத்தில் பரவலாகக் காணப்படுவது பிஎச்கியூ-9 என்னும் வினாத்தாள். அமெரிக்காவில் பொது மருத்துவர்களிடம் வரும் வயதுவந்த நோயாளிகளுக்காக உருவாக்கப்பட்டு, 2001ஆம் ஆண்டில் இது வெளியிடப்பட்டது. பதற்றத்தை அளவிடும் ஜிஏடி-7 என்பது 2006இல் வந்தது. யாரிடம் விரிவாகப் பேச வேண்டும் என்று மருத்துவர் அறிந்துகொள்வதற்கான முதல்கட்டச் சல்லடையே இவை.

பிஎச்கியூ-9, கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது வினாக்களைக் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர் மேலும் விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். ஒன்பதுக்குப் பின் மதிப்பெண் இல்லாத ஒரு வினாவும் உண்டு: இந்தத் தொல்லைகளால் வேலை செய்வதும் பிறருடன் பழகுவதும் எவ்வளவு கடினமாகியுள்ளன என்பதே அது. மருத்துவர் பெரிதும் கவனிப்பது இதைத்தான். பல இணையப் பக்கங்கள் இதைக் கேட்பதே இல்லை. மேலும், வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு சோகமாக அன்றி எரிச்சலாகவும் வெளிப்படும். பெரியவர்களுக்கான வடிவம் எரிச்சலைப் பற்றிக் கேட்பதில்லை.

ஒரு சிறு கணக்கு

13 முதல் 17 வயதினரிடம் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 11 மதிப்பெண்ணை எல்லையாக வைத்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரை இந்த வினாத்தாள் கண்டுகொண்டது. இல்லாதவர்களில் ஏறத்தாழ 78 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. சிறந்த கருவிதான். ஆயினும் 1,000 மாணவர் இதை நிரப்புவதாகவும், அவர்களில் 50 பேருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு நோய் இருப்பதாகவும் கொள்வோம். 45 பேர் சரியாகப் பிடிபடுவர். எஞ்சிய 950 பேரிலும் ஏறத்தாழ 210 பேர் எல்லையைத் தாண்டுவர். அதாவது, அதிக மதிப்பெண் பெற்ற ஆறு பேரில் ஒருவருக்கே அந்த நோய் இருக்கும்.

மற்ற ஐவர் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கும் தொல்லை உண்டு, காரணம் வேறாக இருக்கலாம். தூக்கம், சோர்வு, பசி, கவனம் ஆகிய நான்கைப் பற்றியும் வினாக்கள் உள்ளன. தியாகராய நகரில் பயிற்சி வகுப்பு முடித்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, விடியலில் மீண்டும் எழும் மாணவர் இந்நான்கிற்கும் 3 என்று குறித்தாலே 12 ஆகிவிடும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே படத்தைக் காட்டக்கூடும். எனவே மாணவியருக்கு எளிய இரத்தப் பரிசோதனை செய்வது வீண் அன்று.

குறும்படக் காணொளிகளுடன் வரும் "உங்களுக்கு ஏடிஎச்டி உள்ளதா?" போன்ற ஐந்து கேள்விப் பட்டியல்கள் இந்த வகையில் சேரா. ஏடிஎச்டி என்று முடிவு செய்ய, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா என்பதைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்டறிய வேண்டும். அதைக் கைப்பேசி கேட்பதில்லை.

ஒன்பதாவது வினா

இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணமோ, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று ஒன்பதாவது வினா கேட்கிறது. மொத்த மதிப்பெண் 4 ஆகவே இருந்தாலும், "குறைவு" என்று பச்சை நிறத்தில் திரை காட்டினாலும், இந்த வினாவுக்கு 0 தவிர வேறு விடை அளித்திருந்தால் அன்றே ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும். கூட்டுத்தொகை இந்த ஒரு விடையை மறைத்துவிடும் என்பதே சுயமதிப்பீட்டின் மிகப் பெரிய ஆபத்து.

பெற்றோர் இதைப் பற்றி நேரடியாகக் கேட்கத் தயங்குகின்றனர். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றாது. "சாக வேண்டும் என்று தோன்றியதாம்மா?" என்று அமைதியாகக் கேட்டு, விடையை முழுவதும் கேளுங்கள், இடையில் அறிவுரை வேண்டாம். ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிக்கொல்லிகளையும் எலி மருந்தையும் அன்றே அப்புறப்படுத்துங்கள்.

மருத்துவரிடம் வரும்போது

மதிப்பெண்ணை மட்டும் கொண்டுவராமல், எந்த வினாவுக்கு எந்த விடை என்பதையும், எந்த நாளில் எந்த நேரத்தில் நிரப்பியது என்பதையும் குறித்து வாருங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் நள்ளிரவில் நிரப்பியது வேறு. விடுமுறையில் நிரப்பியது வேறு. மருத்துவர் சிறிது நேரம் பிள்ளையிடம் தனியே பேசுவார். பெற்றோர் அதைத் தவறாக எண்ண வேண்டாம். அங்கே சொல்வது பொதுவாக இரகசியமாகவே இருக்கும். உயிருக்கு ஆபத்து எனத் தெரிந்தால் மட்டும் பெற்றோரிடம் சொல்லப்படும் என்பதைப் பிள்ளைக்கு முன்னரே தெரிவிப்போம். திரைப்பதிவை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம். பின்னர் அதை முழுவதும் திரும்பப் பெற இயலாது.

தேசிய தொலைபேசி மனநல சேவையான டெலி மானஸ், எண் 14416, கட்டணமின்றி 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணையும் அழைக்கலாம். தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் சென்னையில் செயல்படும் சினேகா அமைப்பையும் நாடலாம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதியினர் இராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலோ சென்ட்ரல் அருகிலுள்ள இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ புறநோயாளர் சீட்டு பெற்று மருத்துவரைக் காணலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. ஒன்பதாவது வினாவின் விடை கவலை தந்தால் புறநோயாளர் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு எந்நேரமும் வரலாம்.