பாரிச வாயுவும் கிராமத்தின் கடமையும்

"கை கால் விழுந்துவிட்டது", "வாய் கோணிவிட்டது" என்னும் சொற்களைக் கேளாத கிராமம் நம் நாட்டில் இல்லை. நேற்று வரை மண்வெட்டி பிடித்த மனிதர் இன்று கட்டிலோடு கிடக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ள மனைவி கூலி வேலையை விடுகிறாள்; மகன் படிப்பை நிறுத்துகிறான்; கறவை மாடு விற்கப்படுகிறது. ஒருவருக்கு வந்த நோய் ஒரு குடும்பத்தையே முடக்கிவிடுகிறது. ஆகவே பாரிச வாயு என்றும் பக்கவாதம் என்றும் வழங்கும் இந்நோயை, வைத்தியர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம் என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. சாலையையும் குடிநீரையும் போலவே இதுவும் பஞ்சாயத்தின் கவனத்துக்குரியது. சேர்வராயன் மலைமீதுள்ள நாகலூர் போன்ற ஊர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அதன் காரணத்தை முதலில் அறிந்துகொள்வோம்.

நோய் எங்கே இருக்கிறது?

பாரிச வாயு என்ற பெயரைக் கொண்டு இது காற்றினால் வருவது என்று பலர் எண்ணுகின்றனர். தெய்வக் குற்றம் என்பாரும் உளர். உண்மையில் நோய் கையிலும் இல்லை, காலிலும் இல்லை, மூளையில் இருக்கிறது. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களைப் பாசன வாய்க்கால்களுக்கு ஒப்பிடலாம். வாய்க்காலில் வண்டல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கடைமடைப் பயிர் வாடுகிறது. கரை உடைத்துக்கொண்டாலோ பயிர் வெள்ளத்தில் அழிகிறது. மூளையிலும் இவ்விரண்டு வகையே உண்டு. இரத்தக் கட்டி குழாயை அடைப்பது ஒன்று. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. பெரும்பாலான பக்கவாதங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை.

மூளையின் இடப்பகுதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பகுதி இடப்பக்கத்தையும் இயக்குகின்றன. இரத்தம் நின்ற பகுதி எதுவோ, அது இயக்கும் உறுப்பு செயலற்றுப் போகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டுள்ளனர். வாடிய பயிர் மறுபடி நீர் பாய்ந்தால் தழைக்கலாம். மடிந்த நரம்பணு மீண்டும் உயிர் பெறாது.

நேரக் கணக்கு

இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து ஒன்று உண்டு. அதனால் பக்கவாத நோயாளிகளுக்குப் பயன் உண்டு என்பது 1995-ஆம் ஆண்டில் நிரூபிக்கப்பட்டது. நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள் அதைச் செலுத்த வேண்டும் என்பது இன்றைய பொது விதி. ஆனால் உடைப்பு ஏற்பட்டவருக்கு இம்மருந்தைக் கொடுத்தால் கேடு மிகும். வந்திருப்பது அடைப்பா, உடைப்பா என்பதை வெளியிலிருந்து பார்த்து எவராலும் துணிந்து சொல்ல இயலாது. சி.டி. ஸ்கேன் என்னும் படம் எடுத்தே அறிய முடியும். ஆகவே அவ்வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குச் சென்றே ஆகவேண்டும். நமக்கு அது சேலத்திலுள்ள அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

இங்கேதான் மலைக் கிராமத்தின் கஷ்டம் தோன்றுகிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து சேலத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். நாகலூர்க்காரர் ஏற்காட்டுக்கு வரும் தொலைவு இதற்கு மேல்.

ஒருவருக்கு மாலை 6 மணிக்குக் கை விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். இரவு 10.30 மணிக்குள் ஊசி போட்டாக வேண்டும். மருத்துவமனையில் பரிசோதனைக்கும் படம் எடுப்பதற்கும் 1 மணி நேரம் ஒதுக்கினால், 9.30-க்குச் சேலத்தில் இருக்க வேண்டும். மலையிறங்க ஒன்றரை மணி நேரமும், வண்டி வந்து சேர 1 மணி நேரமும் என்று கொள்வோம். ஆக, 7 மணிக்குள் வண்டிக்குச் சொல்லியாக வேண்டும். குடும்பத்தார் யோசிக்க மிஞ்சுவது ஒரே ஒரு மணி நேரம். உறவினர் கூடிப் பேசுவதற்கோ, மந்திரிப்பதற்கோ, மறுநாள் காலைப் பஸ்ஸுக்குக் காத்திருப்பதற்கோ அதில் இடமில்லை. அந்த ஒரு மணியும் கழியும் வரை பொறுத்திருக்கவும் வேண்டியதில்லை. முந்திக் கிடைக்கும் சிகிச்சைக்கே பலன் அதிகம்.

கண்டறிவது எப்படி?

இதற்குப் படிப்பு தேவையில்லை. மூன்று காரியங்களைச் செய்யச் சொன்னால் போதும். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பாருங்கள். இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை தாழ்கிறதா என்று பாருங்கள். ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள்; நாக்குக் குழறுகிறதா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று திடீரென்று கண்டாலும் உடனே 108-க்குத் தொலைபேசி செய்ய வேண்டும். திடீரென்று ஒரு கண் பார்வை மங்குவதும், நடை தள்ளாடுவதும், என்றுமில்லாத கடுந்தலைவலியும் இந்நோயின் குறிகளாக இருக்கலாம்.

நோய் கண்ட நேரத்தை ஒரு தாளில் குறித்து நோயாளியோடு அனுப்புக. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், கடைசியாக நலமாக இருந்த நேரமே கணக்கு. நோயாளிக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கலாம். ஆகையால் சோடா, காப்பி, கஷாயம், மாத்திரை எதுவும் வாயில் ஊற்றவோ போடவோ கூடாது. நினைவிழந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். புறா இரத்தம் தடவுவதும் எண்ணெய் தேய்ப்பதும் மூளையிலுள்ள அடைப்பை நீக்கா. பொன்னான நேரத்தையே போக்கும்.

சிலருக்கு இக்குறிகள் சில நிமிடங்கள் தோன்றி, தாமாகவே மறைந்துவிடும். "சரியாகிவிட்டது" என்று வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். இது பெரிய வெள்ளத்துக்கு முன் கரையில் தோன்றும் கசிவு போன்றது. அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். நாலரை மணி நேரம் கடந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கலாகாது. அதன் பின்னும் செய்யத்தக்க சிகிச்சைகள் உள்ளன.

வருமுன் காத்தல்

பக்கவாதத்தின் முதற்பெரும் காரணம் இரத்தக் கொதிப்பு. அது நோவு தராமல் உள்ளேயே இருக்கும். உலகப் போரை நடத்திய அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பல ஆண்டுகள் இரத்தக் கொதிப்புடன் இருந்து, 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தக் கசிவு கண்டு காலமானார். அதைத் தணிக்கும் நல்ல மாத்திரைகள் அக்காலத்தில் இல்லை. வல்லரசின் தலைவருக்கு அன்று கிடைக்காத மருந்து, இன்று மலைக் கிராமத்து விவசாயிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக வீட்டுக்கே வருகிறது. அதை வாங்கிப் பரண்மேல் வைத்துவிட்டு, "தலைசுற்றல் இல்லையே, எதற்கு மாத்திரை?" என்று கேட்பதுதான் நம் குறை.

இரத்த அழுத்தம் 140-க்கு 90 என்னும் அளவை எட்டினாலோ மீறினாலோ டாக்டரைக் காண வேண்டும். மேல் அளவில் 10 குறைந்தாலே பக்கவாத அபாயம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. அடுத்தது உப்பு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நால்வர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 600 கிராம் என்று கணக்காகிறது. கருவாட்டிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் உள்ள உப்பும் இதனுள் அடக்கம். மாதம் எத்தனை கிலோ உப்பு வாங்குகிறோம் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் கணக்குப் பார்த்தால் உண்மை விளங்கும்.

பீடி, சிகரெட், மது ஆகியவற்றை விடுவதும், நீரிழிவை அடக்கி வைப்பதும், இருதயத் துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் சிகிச்சை பெறுவதும் இன்றியமையாதவை. தோட்ட வேலை செய்பவருக்கு உடலுழைப்பு உண்டு. ஆயினும் உழைப்பாளிக்கு இரத்தக் கொதிப்பு வராது என்று எண்ணிவிடலாகாது.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

கிராம சபை கூடும் நாட்களில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம். முப்பது வயது கடந்த அனைவருக்கும் அன்றே இரத்த அழுத்தம் பார்க்க, சுகாதார நிலையத்தாரை அழைக்கலாம். ஆம்புலன்ஸ் செல்ல முடியாத குக்கிராமங்கள் எவை, அங்கிருந்து நோயாளியைக் கட்டிலில் தூக்கி வரச் சாலையின் எந்த இடம் வசதி, இரவில் உதவும் ஜீப்போ வேனோ எவரிடம் உண்டு என்று பட்டியல் எழுதி வைக்கலாம். மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் 108 என்ற எண்ணையும் ரேஷன் கடைச் சுவரில் எழுதலாம். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் தோட்ட மேஸ்திரிகளுக்கும், மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும் இவற்றைச் சொல்லித் தரலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை, முன்யோசனையே தேவை.

நோய் கண்டவரைக் கைவிட்டுவிடவும் கூடாது. எம்.ஜி.ஆர். அவர்களுக்கு 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறுடன் பக்கவாதமும் கண்டது. நியூயார்க்கில் சிகிச்சை பெற்று 1985 பிப்ரவரியில் திரும்பிய அவர், பேச்சு முன்போல் தெளிவாக அமையாவிட்டாலும், 1987 டிசம்பரில் மறையும் வரை முதலமைச்சராகப் பணியாற்றினார். விடாமல் செய்யும் பயிற்சியால் பலர் எழுந்து நடக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இப்பயிற்சியும் வீட்டிலேயே அளிக்கப்படுகிறது.

மலையைத் தாழ்த்தவோ வளைவுகளைக் குறைக்கவோ நம்மால் ஆகாது. ஆனால் வீட்டு வாசலில் வீணாகும் நேரத்தைக் குறைப்பது முழுக்க நம் கையில் உள்ளது. அடுத்த கிராம சபையிலேயே அந்தப் பட்டியலை எழுதத் தொடங்குவோமாக.