உயர்த்திய ஊர்தி

அமெரிக்க நாட்டில் மோவாப் என்னும் ஊரைச் சூழ்ந்த பாறை வழிகளில் ஜீப் செலுத்துவோர், அதற்குப் பெரிய டயர்களைப் பூட்டுவர், சுருள்வில்லையும் நீட்டுவர். இவ்விரண்டும் ஒரே பயனைத் தருவன என்று கருதுதல் பிழை.

'ரேங்ளர்' என்னும் ஜீப்பின் அடியில் குறுக்கே கிடப்பது அச்சு. அதிலுள்ள பல்சக்கரப் பெட்டி மிகத் தாழ்ந்திருப்பதால் பாறையில் எளிதில் மோதும். நீண்ட சுருள்வில்லைப் பொருத்தினால் ஊர்தியின் உடல் இரண்டு அங்குலம் எழும்பும். அச்சோ இருந்த இடத்திலேயே இருக்கும். அதனை உயர்த்த வல்லது டயர் ஒன்றே. அதுவும் எவ்வளவு? 799 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரை நீக்கி, 831 மில்லிமீட்டர் டயரைப் பூட்டினால், வேறுபாட்டில் பாதியாகிய 16 மில்லிமீட்டரே உயரும். ஒரு விரற்பருமன்தான்! அங்ஙனமாயின் சுருள்வில் வீணோ? அன்று, பெரிய டயர் உடலின் விளிம்பில் உராயாவண்ணம் இடந்தருவது அதுவே.

பெரிய டயர் ஒரு சுற்றில் முன்னினும் மிகுந்த தொலைவு செல்லும். வேகமானி இதனை அறியாது. அது 100 கிலோமீட்டர் காட்டுங்கால் ஊர்தி 104 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். மானியைத் திருத்திக்கொள்ளலாம். உயர்ந்துவிட்ட புவியீர்ப்பு மையத்தையோ அவ்வாறு திருத்தவொண்ணாது. முன்னர் அச்சமின்றித் திரும்பிய வளைவில், அதே வேகத்தில் சென்றாலும், ஊர்தி இப்போது கவிழக்கூடும்.