ஆட்டுக்கறியைக் கெடாமல் வைக்கும் முறை

மளிகைக்கடைக்காரர்களான நமக்கு ஆட்டுக்கறியில் நேரடி வியாபாரம் இல்லை. ஆனாலும் ஞாயிறு, தீபாவளி நாட்களில் மிளகு, மல்லி வாங்க வருபவர்கள், மீதிக் கறியை எப்படி வைப்பது என்று நம்மிடமே கேட்கிறார்கள். நாம் சரியாகச் சொல்ல வேண்டும்.

5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கறியில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஜெயங்கொண்டத்துக் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கறியை வெளியே வைக்கலாகாது. பிரிட்ஜில் 4 டிகிரிக்கு மிகாமல் இருந்தால் துண்டுக்கறி மூன்று நாள் தாங்கும். கொத்துக்கறி, ஈரல், குடல் ஆகியவற்றை மறுநாளே சமைத்துவிட வேண்டும். மேலும் வைக்க வேண்டுமானால் மைனஸ் 18 டிகிரியில் உறைய வைக்கலாம். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காத பிரிட்ஜில் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் நம்பக்கூடாது.

பிரிட்ஜ் வராத காலத்தில் உப்புக்கண்டம் போட்டார்கள். உப்பும் வெயிலும் ஈரத்தை வாங்கிவிடுவதால் கிருமி வளராது. அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும். எனவே மழைநாளில் போட வேண்டாம் என்று சொல்லி உப்பைக் கொடுங்கள்.

ஒன்று முக்கியம். வீட்டுக்கு வாங்கிய கறியைக் கடை பிரிட்ஜில் பால், தயிர் பாக்கெட்டுகளோடு வைக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. கறிநீர் பாக்கெட்டில் பட்டால் நோய் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சுகாதாரமற்ற நிலையில் விற்றால் விற்றவரே பொறுப்பு. கடை பிரிட்ஜ் கடைச் சரக்குக்கு மட்டுமே இருக்கட்டும்.