உங்களுக்குத் தெரியுமா? பழைய காரின் கறுப்பு டப்பா சும்மா இல்லை

அரூர், பாலக்கோடு பக்கம் இன்றும் ஓடும், 2000-ஐ ஒட்டி வந்த மாருதி 800 போன்ற பெட்ரோல் கார்களின் பானெட்டைத் திறந்தால், ஓரத்தில் டம்ளர் அளவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். பெட்ரோல் ஃபில்டர் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் ஃபில்டருக்குள் ஓடுவது பெட்ரோல். இதற்குள் போவது பெட்ரோல் ஆவி மட்டுமே. டேங்கிலிருந்து ஒரு ஹோஸ் வரும், இன்னொன்று இன்ஜினின் காற்றுப் பாதைக்குப் போகும், அடியில் காற்றுத் துளை இருக்கும். இவை மூன்றும் இருந்தால் அது சார்கோல் கேனிஸ்டர். தொப்பூர் கணவாய் ஏறிவந்த சூட்டில் வண்டியை வெயிலில் நிறுத்தினால் டேங்கில் ஆவி பெருகும். உள்ளிருக்கும் கரி அதைப் பிடித்து வைத்து, இன்ஜின் ஓடும்போது எரிக்கக் கொடுக்கும்.

கழற்றிப் போட்டாலும் வண்டி ஓடுகிறதே, புகைச் சான்றிதழும் கிடைக்கிறதே என்பார்கள். உண்மைதான். அந்தச் சோதனை சைலன்சர் வாயில் வரும் புகையைத்தான் அளக்கிறது. நிறுத்திய வண்டியிலிருந்து கசியும் ஆவி அதில் தெரியாது. அந்த ஆவியில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் இருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் குற்றவாளி பல நேரம் வெடித்த ஹோஸ்தான். அதை மாற்றச் செலவும் அதிகமில்லை. டேங்கைக் கழுத்துவரை நிரப்பினால் பெட்ரோலே டப்பாவுக்குள் போய்க் கரி கெட்டுவிடலாம். அடித்துளையிலிருந்து கரித்தூள் கொட்டினால் டப்பாவையே மாற்ற வேண்டும்.